பதக்கம் அலமாரியில் இருக்கிறது, வரைபடம் எங்கே?

சென்ற ஆண்டு அக்டோபர் 7ஆம் தேதி ஒரு செய்தி வந்தது. கைத்தொலைபேசிகளுக்குச் சில்லு தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான குவால்காம், இத்தாலியில் பிறந்த அர்டுயினோவை வாங்கப்போவதாக அறிவித்தது. பங்குச் சந்தைக்காரர்களுக்கு அது பத்தோடு பதினொன்று. வீட்டு மேசையிலும் பள்ளி மேசையிலும் கம்பி இணைத்து, விளக்கு எரியவிட்டுப் பழகியவர்களுக்கோ, பல வருஷம் பழகிய பக்கத்து வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்ட மாதிரி இருந்தது.

உங்கள் வீட்டில் இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால், ஆர்பிடி பாடத்துக்காக அந்தப் பலகையை நீங்களும் பார்த்திருக்கக்கூடும். உள்ளங்கையில் அடங்கும் நீலப் பலகை. நடுவில் ஒரு சின்னச் சில்லு, இரண்டு ஓரங்களிலும் கம்பி செருகும் துளைகள். கணினியில் நாலு வரி எழுதி அதற்குள் ஏற்றினால், விளக்கை எரிக்கும், மோட்டாரைச் சுற்றும், செடிக்குத் தண்ணீர் போதுமா என்று பார்க்கும். இப்படித் தாங்களே பொருள் செய்து பார்க்கிறவர்களின் கூட்டத்துக்குத்தான் 'மேக்கர் இயக்கம்' என்று பெயர். மலேசியாவிலும் எம்டெக் நிறுவனம் 2016இல் 'மை டிஜிட்டல் மேக்கர்' என்ற பெயரில் இதைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது.

அர்டுயினோ பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. வட இத்தாலியில் இவ்ரேயா என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் ஒலிவெட்டி தட்டச்சு இயந்திரங்களால் வாழ்ந்த ஊர். அங்கே ஒரு வடிவமைப்புக் கல்லூரி இருந்தது. 2005இல் அதன் ஆசிரியர்கள் சிலர், மின்னியல் படிக்காத மாணவர்களுக்காக மலிவான ஒரு பலகையைச் செய்தார்கள். கல்லூரியில் பணம் தீர்ந்துகொண்டிருந்தது. கதவை மூடினால் இத்தனை உழைப்பும் எந்தக் கோப்புக்குள் போய் முடங்குமோ என்ற பயம். அதனால் வரைபடத்தை எல்லாருக்கும் திறந்து வைத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், அதேபோல் செய்யலாம், விற்றுக் காசும் பார்க்கலாம். 'அர்டுயினோ' என்ற பெயரை மட்டும் ஒட்டக்கூடாது. (அந்தப் பெயரே அவர்கள் வழக்கமாகப் போய் உட்காரும் மதுக்கடையின் பெயர். கடைக்குப் பெயர் கொடுத்தவர் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு ராஜா.) திறந்தமூல வன்பொருள் என்று இன்று பெரிதாகப் பேசுவது இதைத்தான். கல்லூரி மூடப்பட்டது. பலகை பிழைத்துக்கொண்டது.

அதன் பலனை ஜொகூரிலேயே பார்த்தோம். ஸ்கூடாயில் யுடிஎம் பல்கலைக்கழகத்தில் படித்த நண்பர்கள் 2004இல் சைட்ரான் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தாமான் யுனிவர்சிட்டியில் கடைவீட்டில் இருந்த நிறுவனம் அது. இப்போது பினாங்கில் இருக்கிறது. அவர்கள் செய்த 'மேக்கர் ஊனோ' என்ற பலகை, அர்டுயினோவின் திறந்த வரைபடம் இல்லாமல் பிறந்திருக்காது. கிக்ஸ்டார்ட்டரில் 6 அமெரிக்க டாலருக்கு அறிமுகம் செய்தார்கள். விலையைவிட எனக்குப் பிடித்தது அதில் அவர்கள் சேர்த்த சின்னச் சின்ன விஷயங்கள். துளைகளுக்குப் பக்கத்திலேயே 12 குட்டி விளக்குகள், ஒரு பீப் ஒலிப்பான், ஒரு பொத்தான். 35 பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஆளுக்கு நாலு கம்பி, ஒரு விளக்கு என்று எண்ணிக் கொடுத்து, பாடம் முடிந்ததும் எண்ணி வாங்கிய ஆசிரியருக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒரு கம்பிகூட இல்லாமல் முதல் பாடத்தை முடித்துவிடலாம். இவ்ரேயாவில் செய்த பலகை நம் வகுப்பறைக்கு ஏற்றபடி மாறியது, மாற்றிக்கொள்ள அனுமதி இருந்ததால்தான்.

ஆகவே குவால்காம் செய்தி வந்ததும் என்னைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் கலக்கம். அறிவிப்போடு 'ஊனோ கியூ' என்ற புதுப் பலகையும் வந்தது. அதில் லினக்ஸ் ஓடும் குவால்காம் செயலி ஒன்றும், பழைய பாணி மைக்ரோகண்ட்ரோலர் ஒன்றும் சேர்ந்திருக்கின்றன; அறிமுக விலை 44 டாலர். நவம்பரில் அர்டுயினோவின் பயன்பாட்டு விதிகள் மாறின. இணையத்தில் பயனர் ஏற்றிவைக்கும் படைப்பைப் பயன்படுத்த நிறுவனத்துக்குக் காலவரையற்ற உரிமை, தளத்தைப் பிரித்து ஆராயத் தடை என்றெல்லாம் அதில் இருப்பதை நியூயார்க்கைச் சேர்ந்த ஏடாஃப்ரூட் நிறுவனம் சுட்டிக்காட்ட, பெரிய சச்சரவு. அது இணையச் சேவைக்கு மட்டும்தான், பலகைகள் முன்போலவே திறந்துதான் இருக்கும் என்று அர்டுயினோ விளக்கம் சொன்னது.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் கதையும் ஏறக்குறைய இதே திருப்பத்தில்தான் நிற்கிறது. பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005இல் தொடங்கிய 'ரெப்ராப்' திட்டம், அந்த இயந்திரத்தை ஆலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. அந்த வழியில் வந்தவர் செக் நாட்டின் யோசெப் பிரூஷா. 2020 மார்ச்சில் உலகமே முகக்கவசத்துக்குத் தவித்தபோது, முகத்தை மறைக்கும் தடுப்புக்கான வடிவமைப்பைப் போட்டுப் பார்த்துச் செம்மைப்படுத்தி இலவசமாக வெளியிட்டவர். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இருந்த நாள்களில் மலேசியாவிலும் பல்கலைக்கழகக் கூடங்களிலும் வீட்டு அறைகளிலும் இரவெல்லாம் அப்படிப்பட்ட தடுப்புகளை அச்சிட்டு மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். அதே பிரூஷாதான் சென்ற ஆண்டு, மேசை அச்சு இயந்திரத்தில் திறந்த வன்பொருள் செத்துவிட்டது என்று எழுதினார். நாங்கள் திறந்து வைப்பதைச் சிலர் சீனாவில் தங்கள் பெயரில் காப்புரிமையாகப் பதிந்துகொள்கிறார்கள், பதிய ஆகும் செலவு சொற்பம், எதிர்த்துப் போராடும் செலவு மலை என்பது அவர் வாதம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு பக்கம், கதவு திறக்கவும் செய்கிறது. இத்தனை நாள் பலகை திறந்தது, அதன் நடுவில் இருக்கும் சில்லு மூடியது. இப்போது சில்லின் கட்டளைத் தொகுப்பே 'ரிஸ்க்-வி' என்ற பெயரில் திறந்து கிடக்கிறது; 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது அது. அதை வைத்துச் சென்னை ஐஐடி 'சக்தி' என்ற செயலியை வடிவமைத்திருக்கிறது. 2024இல் வந்த ராஸ்பெரி பை 'பிக்கோ 2' பலகை 5 டாலர்தான். அதன் சில்லுக்குள்ளும் இரண்டு ரிஸ்க்-வி கருக்கள் உண்டு.

அதனால் குவால்காமைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. ஒருமுறை வெளியிட்ட வரைபடத்தை யாரும் திரும்ப வாங்கிப் பெட்டிக்குள் பூட்ட முடியாது. என் சித்தப்பா கூலாய் பக்கம் தோட்டத்தில் வேலை செய்தவர். பால்மரம் வெட்டிவிட்டு வந்து, மாலையில் லயத்து வாசலில் வானொலிப் பெட்டி பழுது பார்ப்பார். 'ரேடியோ 6' கேட்காமல் தோட்டத்துக்குப் பொழுது சாயாத காலம். அவர் எந்தப் பள்ளியிலும் மின்னியல் படித்ததில்லை. அன்றைய பெட்டிகள் பலவற்றில் பின்பலகையைக் கழற்றினால் உள்ளே மின்சுற்றின் படம் ஒட்டியிருக்கும். அதுதான் அவருக்கு வாத்தியார். அழிந்துபோன படம் இருந்தால், வேறொரு பெட்டியில் பார்த்து, பள்ளி நோட்டுத் தாளில் வரைந்து, சோற்றுப் பசை தடவி ஒட்டிவிடுவார். அடுத்து எவன் திறந்தாலும் தடுமாறக்கூடாதாம்.

நான் கவலைப்படுவது நம் அலமாரிகளைப் பற்றி.

பாசீர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புத் தொழில்நுட்பராக இருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்பு, எங்கள் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் சனிக்கிழமை காலை பிள்ளைகளுக்கு மின்னியல் சொல்லித்தர அழைத்தார்கள். முதல் நாள் ஆசிரியை ஒருவர் கண்ணாடி அலமாரியைக் காட்டினார். புத்தாக்கப் போட்டிகளில் வாங்கிய பதக்கங்கள், கேடயங்கள், பதாகை பிடித்த படங்கள். பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் உள்ளூரிலும் வெளிநாட்டிலும் புத்தாக்கப் போட்டிகளில் வென்றுவரும் செய்தி இந்தப் பத்திரிகையிலேயே அடிக்கடி வருகிறது. கீழ்த்தட்டில், தங்கம் வாங்கிய ஒரு கருவியின் பெட்டி இருந்தது. செடிக்குத் தானாகத் தண்ணீர் ஊற்றும் கருவி. திறந்தால் உள்ளே பலகை இல்லை. அதை அடுத்த வருஷத் திட்டத்துக்குக் கழற்றியிருக்கிறார்கள். நாலைந்து கம்பிகள் மட்டும் வாலாட்டிக்கொண்டிருந்தன.

"டீச்சர், இதோட கோடிங் எங்க இருக்கு?"

"அந்தப் பையன் படிவம் ரெண்டுக்குப் போயிட்டான் சார். அவன் அண்ணனோட லேப்டாப்ல இருந்துச்சு. அது கெட்டுப்போச்சாம்."

குறையாகச் சொல்லவில்லை. அந்த ஆசிரியை தன் கைக்காசைப் போட்டுப் பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துப்போனவர். ஆனாலும் அந்தக் கம்பிகளைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. அடுத்த பிள்ளை மறுபடி முதல் கம்பியிலிருந்து தொடங்க வேண்டும். பக்கத்து ஊர்ப் பள்ளியில் இன்னொரு பிள்ளை அதே கருவிக்கு அதே மாதிரி முட்டி மோதிக்கொண்டிருக்கும். திறந்தமூலப் பலகையை வாங்கி, திறந்து கிடக்கும் நிரல்களை இறக்கி, ஒரு கருவியைச் செய்து, கடைசியில் அதை மூடிவைக்கிறோம். எடுத்தோம், திருப்பி வைக்கவில்லை.

எங்கள் கழகம் முதலில் செய்தது புகைமூட்டத் தூசியை அளக்கும் கருவி. ஏன் அது என்று ஜொகூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவித்தார்கள். 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய ரசாயனக் கழிவால் பாசீர் கூடாங்கே மூச்சுத் திணறியது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள், வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. என்ன காற்றைச் சுவாசிக்கிறோம் என்பது தெரியாமல், ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு கைத்தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: நாங்கள் செய்தது போன்ற கருவி தூசியை மட்டும்தான் எண்ணும். கிம் கிம் ஆற்றில் கிளம்பிய வாயுக்களை அது மோப்பம் பிடிக்காது. அதைப் பிள்ளைகளுக்கும் முதல் நாளே சொன்னேன்.

வரைபடம் ஜெர்மனியிலிருந்து வந்தது. ஸ்டுட்கார்ட் நகரத்து ஆர்வலர்கள் 2015இல் தொடங்கி, உலகம் முழுக்கப் பரப்பிய வடிவமைப்பு. லேசர் ஒளியைப் பாய்ச்சித் தூசியை எண்ணும் ஓர் உணரி, ஈரப்பதம் பார்க்கும் இன்னோர் உணரி, வைஃபை உள்ள ஒரு பலகை. எல்லாவற்றையும் மழைநீர்க் குழாயின் இரண்டு வளைவுத் துண்டுகளுக்குள் திணித்தால் கருவி தயார். அந்த வைஃபை சில்லைச் செய்யும் எஸ்பிரெசிஃப் நிறுவனம் ஷாங்காயில் இருந்தாலும், அதை நிறுவியவர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர்க்காரர். பிள்ளைகளுக்கு இது ஏனோ மிகவும் பிடித்திருந்தது. குழாய் வளைவை இரும்புக்கடையில் வாங்கினோம். மொத்தச் செலவு 200 வெள்ளிக்குள்.

ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஆண்டு 5 மாணவி ஒருத்தி வந்து நின்றாள். "அங்கிள், ராத்திரி முழுக்க மழை. காலையில வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கு. மிஷின் மட்டும் தூசி நிறைய இருக்குன்னு சொல்லுது."

மலேசியக் காற்றின் ஈரம்தான் காரணம். நுண்தூசி ஈரத்தைக் குடித்து உப்பிவிடும். பனித்துளியும் ஒளியைச் சிதறடிக்கும். உணரி அதையும் தூசி என்றே எண்ணும். உணரியின் குறிப்பேட்டிலேயே ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்று போட்டிருக்கிறது. ஜொகூரில் அது எந்த ராத்திரியில் 70க்குக் கீழே இறங்குகிறது? கடையில் வாங்கிய மூடிய கருவியாக இருந்தால், அது காட்டும் எண்ணை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. இங்கே நிரலைத் திறந்தோம். ஈரப்பதம் 90ஐத் தாண்டினால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும்படி அந்த மாணவியே நாலு வரி சேர்த்தாள். 'நட்சத்திரம் விழுந்த எண்ணை அப்படியே நம்பாதே' என்று அர்த்தம். மூன்று மாதக் குறிப்புகளை வைத்து மாவட்ட அளவிலான ஒரு போட்டிக்குப் போனார்கள். நீதிபதிகள் கருவியைவிட அந்த நட்சத்திரத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம். வெள்ளி கிடைத்தது.

அதன் பிறகுதான் வாக்குவாதம். வரைபடம், நிரல், செய்முறை எல்லாவற்றையும் தமிழிலும் மலாயிலும் எழுதி இணையத்தில் வைத்துவிடலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். அந்த மாணவியின் அப்பா எழுந்தார். தினமும் விடியற்காலை நாலு மணிக்கு மோட்டாரில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நம்ம பிள்ளைங்க கஷ்டப்பட்டுச் செஞ்சத நாமளே தூக்கிக் கொடுத்தா, அடுத்த வருஷம் வேற பள்ளிக்கூடம் அதையே கொண்டுவந்து தங்கம் வாங்கிட்டுப் போகும். நம்ம பிள்ளைக்கு என்ன மிச்சம்?"

கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். நானும் உடனே பதில் சொல்லவில்லை. அது சுயநலம் என்று ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி இல்லை. பல்கலைக்கழக நுழைவில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு புள்ளி இருக்கிறது. ஒரு சான்றிதழ் கூடுதலாக இருந்தால் தன் பிள்ளைக்கு ஒரு கதவாவது திறக்கும் என்று, தூக்கத்தை விட்டு உழைக்கிற ஒரு தகப்பன் கணக்குப் போடத்தான் செய்வார். வசதி படைத்த நிறுவனங்களே காப்புரிமையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, இருப்பதைத் திறந்துவை என்று இவரிடம் மட்டும் உபதேசம் செய்வது என்ன நியாயம்?

அவரிடம் எர்னாண்டோ பர்ரகானின் கதையைச் சொன்னேன். கொலம்பியாவிலிருந்து இவ்ரேயாவுக்குப் படிக்கப் போன மாணவர். 2003இல் தன் முதுகலை ஆய்வுக்காக 'வயரிங்' என்ற பலகையையும் நிரல் மொழியையும் உருவாக்கியவர். அர்டுயினோ அதன் மேல் எழுந்ததுதான். வரைபடம் திறந்திருந்தது, அதை எடுத்துக்கொண்டதில் சட்டப்படித் தவறில்லை. ஆனால் அர்டுயினோ உலகப் புகழ் பெற்றபோது அவர் பெயர் ஓரத்துக்குப் போய்விட்டது. பல வருஷம் கழித்து, தன் பக்கத்துக் கதையை அவரே விரிவாக எழுதவேண்டி வந்தது.

"அப்ப நான் சொல்றதுதானே சரி?" என்றார் அவர்.

"கொடுத்தது தப்பில்ல தம்பி. பேரு விட்டுப்போனதுதான் தப்பு."

திறந்தமூல உரிமங்களில் பல வகை உண்டு. நாங்கள் எடுத்துக்கொண்ட கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இரண்டு நிபந்தனைகள்: எடுத்துக்கொள்கிறவர் முதலில் செய்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதையும் இதேபோல் திறந்து வைக்க வேண்டும். ஸ்டுட்கார்ட்காரர்களின் பெயரை நாங்கள் முதல் பக்கத்தில் போட்ட மாதிரி. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ பள்ளிக்கூடத்துப் பேரு மட்டும் போதாது. பிள்ளைங்க செஞ்சாங்கன்னு இருக்கணும். அதுவும் போட்டியெல்லாம் முடிஞ்ச பிறகுதான் போடணும்" என்றார். இரண்டுமே நல்ல யோசனை. சிறு பிள்ளைகள் என்பதால் முழுப்பெயர் வேண்டாம், கழகத்தின் பெயரும் ஆண்டும் போடலாம் என்று முடிவாயிற்று. அந்த வருஷத்தின் கடைசிப் போட்டி முடிந்த மறுவாரம், 11 பக்க வரைபடக் கோப்பை ஏற்றினோம். அச்செடுத்த ஒரு பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கருவியின் பெட்டிக்குள்ளேயே ஒட்டினோம். சோற்றுப் பசை இல்லை, செலோடேப்.

ஐந்து மாதம் யாரும் சீண்டவில்லை. அந்த அப்பா அவ்வப்போது "யாராச்சும் எடுத்தாங்களாண்ணே?" என்று கேட்பார். பயத்தில் கேட்கிறாரா, ஆசையில் கேட்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

சென்ற ஆண்டு நடுவில் குளுவாங் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியர் படம் அனுப்பினார். எங்கள் கருவிதான், ஆனால் பார்த்தால் தெரியாது. வளைவுக் குழாய் கிடைக்கவில்லையோ என்னவோ, காலி மைலோ டின்னுக்குள் உட்கார்ந்திருந்தது. எங்கள் நட்சத்திரக் குறி அவர்களுக்குப் போதவில்லை. மழை பெய்யும் நேரத்தை ஒரு பிள்ளை நோட்டில் குறித்துவர, எண்களை அதோடு ஒப்பிட்டுத் தனி அட்டவணை போட்டிருந்தார்கள். முதல் பக்கத்தில் ஸ்டுட்கார்ட், அடுத்த வரியில் எங்கள் கழகம்.

படத்தை அந்த மாணவியிடம் காட்டினேன். இப்போது ஆண்டு 6. ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பாராட்டெல்லாம் இல்லை. "டின்னுக்குள்ள வைஃபை எப்படி அங்கிள் போகும்? தகரமாச்சே!"

அதற்கும் அவர்கள் பதில் எழுதியிருந்தார்கள். உணரியை மட்டும் டின்னுக்குள் வைத்துவிட்டு, பலகையை வெளியே ஒரு சவர்க்காரப் பெட்டியில் வைத்து, எந்தக் கம்பி எங்கே நுழைகிறது என்று மூன்றாம் பக்கத்தில் சிவப்பு மையால் படம் போட்டிருந்தார்கள்.